எண்ணி முடிக்கும் வரை

நேரம்… மதியம் இரண்டு பத்து. சாலையில் ஈ காக்கை இல்லை.

"மதியமா? பேய்க் கதையை யாராவது மதியத்துல வைப்பாங்களா?" என்று வாத்தியார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பேய்க்கு இருட்டினால்தான் வேலை நேரம் என்று கணக்கு வாத்தியாருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மின்சாரம் வரும்வரை ஏதாவது சொல்லு என்று கேட்டது நீங்கள்தான். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்திலேயே லிஃப்ட் நின்றுபோச்சு என்று ஒரு மணி நேரமாக என் உயிரை வாங்கியதும் நீங்கள்தான். கரண்ட் இல்லாத லிஃப்டை நான் என்ன தோளிலா தூக்கிக்கொண்டு போவேன்?

சரி, நெருங்கி உட்காருங்கள். ஒரே மெழுகுவத்திதான் இருக்கிறது. நர்ஸம்மா, அதை ஒரு படி கீழே இறக்கி வையுங்கள், காற்றில் அணைந்துவிடும். நாம் எத்தனை பேர்? வாத்தியார், நர்ஸம்மா, தையல்காரரும் அவர் வீட்டம்மாவும், இரண்டாம் மாடிப் புது ஜோடி, நான். ஏழு. நாலாம் மாடியில் என் தங்கை படுத்துவிட்டாள். மாப்பிள்ளையும் மேலேதான் இருக்கிறார். நல்லது. இது அவர்கள் காதில் விழவேண்டிய கதை இல்லை.

இது என் கூட்டாளியின் அக்காவுக்கு நடந்தது. லிஃப்ட் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிறானே, அவனுடைய சொந்த அக்கா. பெரிய சாலையைச் சுற்றிக் காட்டுகிற வேலை அவளுக்கு. மஞ்சள் குடை ஒன்றை உயரப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பின்னால் பன்னிரண்டு பேர் நடப்பார்கள். அதனால் எங்களுக்கு அவள் குடை அக்கா.

பெரிய சாலையைப் பார்க்காதவர் இங்கே யாருமில்லை. வெள்ளைக்காரன் போட்டது. எட்டுக் குதிரை வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். நடுவில் மரங்கள், பீடங்களில் சிலைகள். இரண்டு ஓரத்திலும் பழைய வங்கி, பழைய ஓட்டல், நாடகக் கொட்டகை. அந்தக் கட்டடங்களுக்கு அடியில் நீளமாக ஒரு தூண் நடை. வளைவுக்குப் பின் வளைவு, தூணுக்குப் பின் தூண். ஒரு பக்கத்துக்கு நூற்றுப் பத்துத் தூண்கள். சாயங்காலம் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கடையெல்லாம் கதவை இழுத்துவிட்டு நாலு மணி வரை தூங்கும். மேல் மாடி ஜன்னல்களின் பச்சை மரக் கதவு ஒன்றுகூடத் திறந்திருக்காது. வெயில் சாலை நடுவில் நிற்கும். ஓட்டல் கொடிக் கம்பத்தில் கயிற்றின் இரும்புக் கொக்கி மோதும். டிங்… கொஞ்சம் இடைவெளி… டிங். அவ்வளவுதான் சத்தம்.

அந்த நேரத்து நடைக்கு டிக்கெட் பாதி விலை. மூத்த வழிகாட்டிகள் யாரும் அந்த வெயிலில் வரமாட்டார்கள். அதனால் அது குடை அக்காவின் தலையில் விழுந்தது.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தூண் நடைக்குள் நுழையும்போது ஒரு முறை, பாதியில் ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை… தலை எண்ணவேண்டும். தூண்களுக்கு நடுவே ஆள் மறைந்துபோவது சுலபம். எண்ணும்போது எல்லோரும் வலது கையைத் தூக்கவேண்டும், எண்ணி முடிக்கும் வரை இறக்கக் கூடாது. குடை அக்கா தன்னை அதில் சேர்க்கமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். கைகளைத்தான் எண்ணுவாள். கணக்கு சரியாக வந்தால் குடை மேலே போகும். "போகலாம்!"

இந்தக் கையைத் தூக்குகிற விஷயத்துக்கு அவள் ஒரு கதையும் வைத்திருந்தாள். அந்தச் சாலையைப் போட்ட கூலி ஆட்களை மேஸ்திரி இப்படித்தான் எண்ணுவானாம். மதிய இடைவேளை முடிந்து, சரியாக இரண்டு பத்துக்கு மணி அடிக்கும். எல்லோரும் கையைத் தூக்கி நிற்கவேண்டும். காலையில் எத்தனை தலையோ, மதியமும் அத்தனை தலை இருக்கவேண்டும். ஒருத்தன் ஓடிப்போயிருந்தாலும் சரி, சுண்ணாம்புக் குழியில் விழுந்து செத்திருந்தாலும் சரி, வழியில் போகிற எவனையாவது பிடித்து வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்க வைப்பானாம். எண்ணிக்கை சரி. முகம் யாருக்கு வேண்டும்?

"நெஜமாவா?" என்கிறாள் புதுப் பெண். எனக்குத் தெரியாதம்மா. பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு வரி இருந்ததாம். மீதியைக் குடை அக்காவே சேர்த்திருக்கிறாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், கைதட்டுவார்கள், கிளம்பும்போது நாலு பேர் அவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வாய் சும்மா இருக்கவில்லை, சேர்த்துவிட்டாள்.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள், ரொட்டி ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவர், மாமனார். மாமனார் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் ஊரில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கிய மனுஷன், இப்போது சொந்த வீட்டு வாசல் தெரியாமல் நின்றார். மறதி. பெற்ற மகனைப் பார்த்து, "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்பார். சொந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "எப்பம்மா வீட்டுக்குப் போறோம்?" என்பார். நாளுக்கு ஐம்பது தடவை. அவள் ஐம்பது தடவையும், "இதோ கிளம்பிட்டோம் மாமா" என்பாள். தினம் காலையில் ஏதாவது ஒரு காகிதத்தை, பழைய மருந்துச் சீட்டு, காலண்டர் தாள், கையில் கிடைத்ததை, நாலாக மடித்து அவளிடம் நீட்டுவார். "உனக்குக் கடுதாசி வந்திருக்கும்மா." அவள் வாங்கிப் பிரித்துப் படிக்கிற மாதிரிப் பாவனை செய்வாள். பெற்ற அப்பாவிடம்கூட அவள் அவ்வளவு பிரியமாக இருந்ததில்லை என்று கூட்டாளி சொல்வான்.

கணவருக்கு மதிய ஷிஃப்ட் வந்த நாள்களில் மாமனாரைத் தனியாக விட முடியாது. அதனால் கூடவே அழைத்துப் போவாள். கிளம்பும்போது கணவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "அப்பாவை விட்டுடாதே."

அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பதினொரு பேர். பெரியவரோடு பன்னிரண்டு. தூண் நடைக்குள் நுழையும்போது எண்ணினாள். பன்னிரண்டு கை. பெரியவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். பழைய பழக்கம், ஒவ்வொரு கதவிலும் நின்று எண் பலகையைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்கு நகர்வார். கைத்தடி பின்னாலேயே டொக்… டொக்… என்று வரும். அந்தச் சத்தம் வரும்வரை அவளுக்குக் கவலையில்லை.

பாதி நடையில் திடீரென்று ஒரு வாசனை. நனைந்த சுண்ணாம்பு வாசனை. புதிதாக வெள்ளையடித்த சுவரில் வருமே, அது. அங்கே வெள்ளையடித்துப் பத்து வருஷம் இருக்கும். சுவரைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்து சூடாக இருந்தது.

எண்ணினாள். பதின்மூன்று.

சிரித்துக்கொண்டாள். எதிரே மூடியிருந்த கடையின் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தது, குடை பிடித்த கையோடு. அதையும் சேர்த்து எண்ணிவிட்டோம் என்று நினைத்தாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது, தன்னையே எண்ணுவது. நடையின் கடைசியில் மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. சரி. "போகலாம்!"

டிக்கெட் ஆபீசுக்குத் திரும்புகிற வேனில் பெரியவர் அவளுக்கு முன்பே ஏறி, சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தடியைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தார்.

தடிச் சத்தம் எப்போது நின்றது என்று அவள் யோசிக்கவே இல்லை. பின்னால் என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அதிசயம்… பெரியவர் மூச்சு வாங்காமல் படி ஏறினார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் விளக்கைப் போட்டார். வேலை முடிந்து வந்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு. ரொட்டி மாவு ஒட்டிய கையோடு அந்த மனுஷன் வாசலிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதார். புது மாத்திரை வேலை செய்கிறது என்றார். டாக்டருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார்.

குடை அக்காவுக்கும் சந்தோஷம்தான். ஒரு வாரம். பெரியவர் தொந்தரவே இல்லை. வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று கேட்பதில்லை. கடுதாசி கொடுப்பதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது வாய் தானாக எண்ணியது. "ஒண்ணு… ரெண்டு… மூணு." திரும்பிப் பார்த்தால், பெரியவர் வலது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "உன்கூட நடந்து நடந்து அப்பாவும் டூரிஸ்ட் ஆயிட்டாரு" என்றாராம் அவர்.

மறுநாள் மாத்திரை எண்ணினாள். கை மேலே போனது. சட்டையில் தைக்கப் பொத்தான் எண்ணினாள். கை மேலே போனது. அவர் அடுத்த அறையில் இருந்தாலும் சரி. இவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எண்ணினாலும் சரி.

அப்புறம் ஒருநாள் சலவைக்குப் போடத் துணி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது என்னும்போது போன் அடித்தது. பேசினாள், துணியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். விடியற்காலை எழுந்து பார்த்தால்… பெரியவர் கட்டிலில் நேராக உட்கார்ந்திருக்கிறார். வலது கை மேலேயே இருக்கிறது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அறை முழுக்க நனைந்த சுண்ணாம்பு வாசனை. அவருடைய கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, கோபமாக இல்லை, காத்திருக்கிற மாதிரி.

துணிக் குவியலைத் தொடாமல், நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "பத்து… பதினொண்ணு… பன்னிரண்டு. அவ்வளவுதான்."

கை மெதுவாக இறங்கியது.

தையல்காரரே, இப்போதே காலை ஏன் மேலே இழுத்துக்கொள்கிறீர்கள்? நான் இன்னும் பாதிக்கே வரவில்லை.

அந்த வாரமே மறுபடி மதிய நடை. பெரியவரை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். சரியாக இரண்டு பத்து. கொடிக் கம்பம், டிங்… டிங். தூண் நடையின் பாதியில், இடதுபக்கத் தூண்களுக்குப் பின்னாலிருந்து, டொக்… டொக்… அப்புறம் ஒரு குரல். களைத்த குரல்.

"ஏம்மா… எப்பம்மா வீட்டுக்குப் போறோம்?"

ஓடிப்போய் ஒவ்வொரு தூணாகப் பார்த்தாள். யாருமில்லை. மூடிய கதவுகள், எண் பலகைகள். அவ்வளவுதான். கூட வந்தவர்கள் இவள் ஏதோ நாடகம் போடுகிறாள் என்று கைதட்டினார்கள். அவள் அந்த வெயிலில், அத்தனை பேருக்கு நடுவில், "இதோ கிளம்பிட்டோம் மாமா… இதோ கிளம்பிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பா உள்ள உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. இத்தனை நாள் கழிச்சு என்னை மகன்னு கூப்பிடறாரு. கிடைச்சதைக் கெடுத்துடாதேம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆக, அந்தக் கிழவரைத் தேட உலகத்தில் அவள் ஒருத்திதான். வீட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. வெயிலில் வாசல் தெரியாமல் நிற்கிறாரே என்று சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் வீட்டில் இருந்ததையும் கூட்டிக்கொண்டு நடைக்குப் போனாள். எங்கிருந்து வந்ததோ அங்கேயே விட்டுவிட்டு, அவரைக் கையோடு கூட்டி வருவது. அதுதான் அவள் திட்டம்.

அன்றைக்கும் பதினொரு டிக்கெட். அதோடு பன்னிரண்டு. உள்ளே நுழையும்போது சரி. பாதி நடையில் சுண்ணாம்பு வாசனை… தடிச் சத்தம்… குரல். இந்த முறை அவள் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் கையை நீட்டினாள். ஒரு கை வந்து பிடித்தது. சூடான கை, தடி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. வியர்வை நாற்றம். அப்படி ஒரு நாற்றத்துக்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள்.

கையை விடாமல் இழுத்துக்கொண்டு நடையின் கடைசிக்கு வந்தாள். எண்ணினாள். பன்னிரண்டு.

பன்னிரண்டா? ஒன்றை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டி வந்திருக்கிறோம், அப்படியானால் பன்னிரண்டு சரிதானே? சரிதான். ஆனால் பின்னால் தூண்களுக்கு நடுவிலிருந்து யாரோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. சுருதி சேராத பாட்டு. வழி தெரியாத ஆள் தைரியத்துக்குப் பாடுகிற மாதிரி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடையைத் தூக்கினாள். "போகலாம்!"

வேன் நகர்ந்ததும் பெரியவர் சட்டைப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். "உனக்குக் கடுதாசி வந்திருக்கும்மா. பாட்டுப் பாடுற தம்பி குடுத்தாரு. சீக்கிரம் சேர்த்துடச் சொன்னாரு."

பிரித்துப் பார்த்தாள். ஒரு கடையின் விலாச அட்டை. பின்பக்கம் பேனாவில் ஒரு வீட்டு விலாசம். நாலாம் மாடி.

"வண்டியை நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை, தம்பி. ஒரே வார்த்தை. வாயில வரல. மாமா என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு." என்னிடம் இப்படித்தான் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் பெரியவர் மகனைப் பார்த்து, "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாராம். மகன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாராம். அவள் மட்டும் சமையலறைக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

அவளை நான் திட்டவில்லை. திட்ட வாய் வந்தது, வரும்போதே அடங்கிவிட்டது.

"எதுக்கு உங்ககிட்ட வந்து சொன்னாங்க?" என்கிறார் நர்ஸம்மா. நல்ல கேள்வி. முந்தாநாள் என் வேலை இடத்துக்கு வந்து, பதினாறு நாள் ஒளித்து வைத்திருந்த அந்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். இதோ என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இந்தாருங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். மூக்கருகே கொண்டுபோக வேண்டாம், தூரத்திலிருந்தே வாசனை வரும்.

ஆமாம். மூக்குக்கண்ணாடிக் கடை. நம் மாப்பிள்ளையின் கடைதான். பின்னால் இருப்பது அவர் கையெழுத்து. அந்த விலாசம் நம் கட்டடம்.

மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். குளித்தால் பாட்டு, சட்டை மாட்டினால் பாட்டு, கடையில் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும்போது பாட்டு. ஒன்றுக்கும் சுருதி சேராது. ராத்திரி அந்தக் குறட்டை. என் தங்கை தலையணையைத் தூக்கி அடித்திருக்கிறாள். இரண்டரை வாரத்துக்கு முன்னால் கடை ஆட்களோடு பெரிய சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து பாட்டில்லை. குறட்டையில்லை. சொன்னதைச் செய்கிறார். கடை முதலாளி மெச்சுகிறார், நீங்களும்தான் போன வாரம், "இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்காரு" என்றீர்கள், வாத்தியாரே. என் தங்கை மட்டும் என்னிடம் வந்து, "அந்தக் குறட்டை இல்லாம எனக்குத் தூக்கமே வரலண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் வேறு மாதிரி இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது அதனால் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக் கூட்டம் முடிந்து எல்லோரும் லிஃப்டில் அடைந்துகொண்டோமே, நினைவிருக்கிறதா? எட்டுப் பேர் லிஃப்ட் அது. ஒன்பதாவது ஆள் கால் வைத்தால் மணி அடிக்கும், நகராது. எடையை அளந்து வைத்தது நான்தான். தையல்காரர் ஏறினால் ஏழு பேருக்கே அடிக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அவர் இல்லாமலே எட்டுப் பேர் நெருக்கி நின்றுகொண்டிருந்தோம். கதவு மூடும்போது மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

மணி அடிக்கவில்லை.

மறுநாள் இரும்புக் கட்டிகளை வைத்து லிஃப்டைச் சோதித்தேன். இரண்டு முறை சோதித்தேன். லிஃப்டில் கோளாறு இல்லை.

இருங்கள், முடித்துவிடுகிறேன். நாளை மதிய நடைக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். குடை அக்காதான் கூட்டிப் போகிறாள். உங்களையெல்லாம் சுற்றுலா என்று சொல்லி அழைத்துப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மாப்பிள்ளை வெளியே வர, கூட்டத்தில் ஒன்று உள்ளே போனால் என்ன என்று. ஒரு ராத்திரி முழுக்க உங்கள் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யாரை விடுவது? அந்த மேஸ்திரிக்கு முகம் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. முடியவில்லை.

அதனால் இரண்டே டிக்கெட். நானும் அவரும். அந்த நேரத்துக்கு வேறு யாருக்கும் டிக்கெட் கொடுக்காமல் குடை அக்கா பார்த்துக்கொள்வாள். இரண்டு பேர் உள்ளே போவோம், இரண்டு பேர் வெளியே வருவோம். அதற்கு வேண்டியது எண்ணிக்கைதானே.

நர்ஸம்மா, அழாதீர்கள். பயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் தலையணையை வைத்துக்கொண்டு யார் மேல் எறிவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

நாளைச் சாயங்காலம் மாப்பிள்ளை பாடிக்கொண்டே இந்தப் படி ஏறுவார். சகித்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால் நானும் வருவேன். வந்து யாரையும் கிண்டல் செய்யாமல், லிஃப்டைக் குறை சொன்னாலும் சண்டைக்கு வராமல், சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன் என்றால்… என் முன்னால் எதையாவது எண்ணிப் பாருங்கள். வெங்காயத்தையோ, செருப்பையோ. கை மேலே போனால், தங்கையிடம் சொல்லாதீர்கள். என்னைத் தேடியும் வராதீர்கள். மதியத்தில் பெரிய சாலைப் பக்கம் போக நேர்ந்து, உள்ளேயிருந்து யாராவது லிஃப்டைப் பற்றி ஏதோ சொல்கிற மாதிரிக் கேட்டால், நடந்துகொண்டே இருங்கள்.

அவ்வளவுதான் கதை.

என்ன வாத்தியாரே, போன் வெளிச்சத்தைப் போட்டுவிட்டீர்கள்? "சும்மா பயமுறுத்தாதீங்க சார். இங்க இருக்கறது ஏழே பேரு, பாருங்க. நானே எண்ணறேன். ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…"

எண்ணட்டும். மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

"அஞ்சு… ஆறு… ஏழு…"

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஏன் வெளிச்சத்தை மேலே பிடிக்கிறீர்கள்?

யாரும் எழுந்திருக்க வேண்டாம். படியில் காலடிச் சத்தம் கேட்டதா உங்களுக்கு? எனக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமாக அந்த மேல் படியில் உட்கார்ந்திருக்கிறாரோ.

கையைப் பார்க்காதீர்கள். வாத்தியாரே, என்னைப் பாருங்கள். பாதியில் விட்டால் விடிய விடிய அப்படியே இருக்கும், மேலே என் தங்கை தனியாகப் படுத்திருக்கிறாள். இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

சொல்லிடுங்க வாத்தியாரே… அவரையும் சேர்த்து எண்ணிடுங்க.